பிள்ளைக்குப் போகாத வீடும், பிள்ளைக்குப் போன கடையும்

1.
இன்னைக்கு சுகர், பிரஷர் பற்றி எதுவும் இல்லை. ஒரு தெருவைப் பற்றிப் பேசலாம்னு இருக்கேன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க.

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு என்று ஒன்று இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற பலர் ஊருக்குக் கிளம்பும் முன் கடைசியாக வந்து நிற்கிற இடம் அது. வரிசையாகப் பழைய சாமான் கடைகள். இப்போது எல்லாரும் ‘ஆன்டிக் கடை’ என்கிறார்கள்.

2.
உள்ளே போனால் நடக்கவே இடம் இருக்காது. பர்மா தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பீங்கான் ஊறுகாய் ஜாடி, ரவிவர்மா அச்சுப் படம், பெல்ஜியம் கண்ணாடி, பல்லாங்குழி, கல்லாப்பெட்டி, ஒரு சாண் நீளச் சாவி, கதவு இல்லாமல் நிலை மட்டும் தனியாக. நான் போய்ப் பேசிய கடைகளில் அப்பா பார்த்த தொழிலைத்தான் பிள்ளை பார்க்கிறார்.

பெரிய பெரிய வீடுகளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லை. அந்த வீடுகளில் இருந்து வந்த சாமானை விற்கிற பத்தடிக் கடை மட்டும் அப்பாவிடம் இருந்து பிள்ளைக்குப் போகிறது. எப்படி? இந்த த்ரெட் அதைப் பற்றித்தான்.

3.
முதல்ல ஒரு அடிப்படைக் கேள்வி. இவ்வளவு சாமான் இந்த வறண்ட பூமிக்கு எப்படி வந்தது? அதற்கு நாம் ரங்கூன் வரைக்கும் போக வேண்டும்.

1852-ல் நடந்த இரண்டாம் ஆங்கில-பர்மியப் போரில் கீழ் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் நல்ல சந்தை. ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் காட்டை வெட்டி வயலாக்க விவசாயிக்குக் கடன் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் அவனுக்கு நேரடியாகக் கொடுக்காது. அந்த இடத்தில்தான் நம்ம நகரத்தார்கள் போய் உட்கார்ந்தார்கள்.

4.
எவ்வளவு பெரிய தொழில் தெரியுமா? 1929-30-ல் பர்மாவின் வங்கித் தொழிலை விசாரிக்க அரசு ஒரு குழு போட்டது. அதன் கணக்குப்படி பர்மாவில் இருந்த செட்டியார் கடைகள் சுமார் 1,650. அங்கே புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய். அந்தக் காலத்து 75 கோடி!

இன்னொரு விஷயம் சொன்னால் இன்னும் நல்லாப் புரியும். இந்தியன் ஓவர்சீஸ் வங்கி 1937 பிப்ரவரி 10 அன்று தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கிளை திறந்தார்கள். காரைக்குடிக்கு ரங்கூன் அவ்வளவு பக்கத்து ஊர்.

5.
ஆண்கள் கடல் தாண்டிப் போய் வருவார்கள். பெண்கள், குழந்தைகள், பெரியவர்கள் ஊரில். சம்பாத்தியம் ஊருக்கு வந்து வீடாக நின்றது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆரம்பித்து 1940-கள் வரை இந்தக் கட்டுமானம் நடந்தது. பர்மாவில் இருந்து தேக்கு, இத்தாலியில் இருந்து சலவைக்கல், பெல்ஜியத்தில் இருந்து கண்ணாடி, இங்கிலாந்தில் இருந்து இரும்புக் கம்பியும் டைல்ஸும். முகப்பில் ஆரம்பித்து வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று போய் வீடு அடுத்த தெருவில் முடியும். ஒருகாலத்தில் 96 ஊர்கள் என்பது கணக்கு. இன்றைக்கு அதில் 70-க்கு மேல் எஞ்சியிருக்கின்றன.

6.
அப்புறம் வந்தது 1930. உலகப் பொருளாதார வீழ்ச்சி. அரிசி விலை பாதிக்குப் பாதி விழுந்தது. கடன் வாங்கிய விவசாயியால் அசலும் கட்ட முடியவில்லை, வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போனது.

கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம். 1938-ல் அது சுமார் 25 சதவீதம்.

7.
இதை இரண்டு பக்கமும் பார்க்கணும். நிலம் போன பர்மிய விவசாயிக்கு அது பெரிய இழப்பு. அவன் கோபத்தில் நியாயம் உண்டு. கடன் கொடுத்தவரோ ரொக்கத்தைக் கேட்டார், கிடைத்தது வேற்று நாட்டு வயல். விற்கவும் முடியாது, தூக்கிக்கொண்டு வரவும் முடியாது.

1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக நடந்தார்கள். மலேரியாவிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்றது, அதே வருஷம் நில தேசியமயச் சட்டம் வந்தது. கதை முடிந்தது.

8.
நோயாளிக்கு ரத்தப்போக்கு நின்ற பிறகும் உடம்பு தேற நாளாகும் இல்லையா? இங்கே தேறுவதற்கு வழியே இல்லாமல் போனது. மலாயா, இலங்கை, சென்னை என்று வேறு இடத்தில் தொழில் வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். பர்மாவை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு ஊரில் மிஞ்சியது வீடு. சாதாரண வீடா அது? வெள்ளையடிக்கவே பெரும் பணம் வேண்டும்.

இவ்வளவும் பல பேருக்குத் தெரிந்த கதைதான். ‘பர்மா போச்சு, வீடு பாழாச்சு’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது அரைக் காரணமாகத்தான் படுகிறது. மீதி அரைக் காரணம் வீட்டுக்கு உள்ளேயே இருந்தது.

9.
நகரத்தாரில் ‘புள்ளி’ என்று ஒரு கணக்கு உண்டு. அவர்களுக்கு 9 கோயில்கள். கல்யாணம் ஆன ஒவ்வொரு ஆணும் அவர் குடும்பமும் அந்தக் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. கல்யாணம் ஆனதும் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு வீட்டுக்கு அனுப்புவது கிடையாது. அதே வீடு, அதே கூரை. அடுப்பு தனி, கணக்கு தனி. வளவைச் சுற்றி இருக்கிற அறைகளில் ஒன்று அவர்களுக்கு. அதற்கு ஒரு பூட்டு. கடையில் பார்க்கிற சாண் நீளச் சாவிகளில் பல அந்தப் பூட்டுகளுக்கு உரியவைதான்.

10.
இப்ப கொஞ்சம் கணக்குப் போடுவோம். வீட்டைக் கட்டியவருக்கு மூன்று மகன்கள் என்று வையுங்கள். அவங்க ஒவ்வொருத்தருக்கும் மூணு மகன்கள். பேரன்கள் காலத்தில் 9 பங்கு. கொள்ளுப்பேரன்கள் காலத்தில் 27. அதற்கு அடுத்த தலைமுறையில் 81.

பங்கு 81 ஆனாலும் கூரை ஒன்றுதான். மழைக்காலத்தில் ஓடு விலகி ஒழுகுகிறது. ஓடு மாற்ற யார் பணம் கொடுப்பது? சென்னையில் இருப்பவரா, சிங்கப்பூரில் இருப்பவரா, ஊரில் தனியாக இருக்கிற பெரியப்பாவா? விற்கலாம் என்றால் அத்தனை பேரும் கையெழுத்துப் போடணும். ஒருத்தர் மறுத்தாலும் கதை கோர்ட்டுக்குப் போகும்.

11.
ஒழுகின இடத்தில் உத்தரம் இற்றுப்போகும். உத்தரம் இற்றால் சுவர் சாயும். அந்தக் கட்டத்தில்தான் யாரோ ஒருவர் சொல்வார்: “மரம் கெட்டுப் போறதுக்கு முன்னாடி குடுத்துருவோம்.” 27 பேரால் ஒரு வீட்டைப் பங்கு போட முடியாது. 27 தூணைப் பங்கு போடலாம். கதவைப் போடலாம், கண்ணாடியைப் போடலாம், அண்டாவைப் போடலாம்.

முனீஸ்வரன் கோயில் தெருவுக்குச் சாமான் வந்த வழி இது. எல்லாருக்கும் சமமாகப் பங்கு என்ற நியாயமான விதிதான் வீட்டைப் பிரித்தது. இதில் வில்லன் என்று யாரையும் காட்ட முடியாது.

12.
சரி, கடைக்கு வருவோம். அங்கே இருக்கிற சாமானை இரண்டாகப் பிரிக்கலாம். தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாம் வீட்டோடு சேர்ந்தவை. ஆண் வழிச் சொத்து. எனாமல், பித்தளை, வெண்கலம், பீங்கான், பெட்டி, பாய், கூடை எல்லாம் பெண்ணோடு வந்தவை. சீர் சாமான்.

செட்டிநாட்டுக் கல்யாணத்தில் சாமான் பரப்புவது என்று ஒரு வழக்கம். பெண்ணுக்குக் கொடுக்கிற அத்தனையையும் வருகிறவர்கள் பார்க்கும்படி வரிசையாக அடுக்கி வைப்பார்கள். ஒரே மாதிரிப் பாத்திரம் சின்னதில் இருந்து பெரிதுவரை அடுக்கடுக்காக. ஒரு ஆயுளில் புழங்கித் தீராது.

13.
ஏன் இவ்வளவு? பெருமைக்காக என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் அந்தப் பெண்ணின் இடத்தில் இருந்து பாருங்கள். பிறந்த வீட்டில் அவளுக்குப் பங்கு கிடையாது. புகுந்த வீட்டிலும் அவள் பெயரில் சுவர் கிடையாது. இந்தச் சாமான்தான் அவளுடைய சொத்து.

மூட்டுவலிக்கு என்னிடம் வருகிற ஒரு ஆச்சி இதை ஒரே வரியில் சொன்னார்: “வீடு அவுக வீடு, டாக்டர். அண்டா மட்டும் எங்க அப்பச்சி வீட்டது.”

14.
சட்டமும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. அதில் 23-ஆம் பிரிவு என்று ஒன்று. குடும்பம் குடியிருக்கிற வீட்டில் பெண்ணுக்குப் பங்கு இருந்தாலும், ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ளலாம் என்று முடிவெடுக்கும் வரை அவள் பாகப்பிரிவினை கேட்க முடியாது. தமிழ்நாடு 1989-ல் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிறப்பால் உரிமை கொடுத்தது. அந்தத் திருத்தம் வருவதற்கு முன் கல்யாணம் ஆனவர்களுக்கு அது பொருந்தாது. 2005-ல் மத்திய அரசு நாடு முழுவதற்கும் திருத்தம் கொண்டுவந்தபோதுதான் 23-ஆம் பிரிவையே நீக்கினார்கள்.

ஆக, ரொம்ப காலம் அந்த வீடுகளில் பெண்ணுக்குச் சந்தேகமில்லாமல் சொந்தம் என்று இருந்தது பாத்திரங்கள் மட்டுமே.

15.
அந்தப் பாத்திரத்தைக் கவிழ்த்துப் பாருங்கள். அல்லது விளிம்பைப் பாருங்கள். புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருக்கும். நம்ம எல்லார் வீட்டிலும் பாத்திரத்தில் பேர் வெட்டுவோம். செட்டிநாட்டில் இதில் ஒரு விசேஷம். அவர்கள் தங்கள் கடைப் பெயரையே முதலெழுத்துக்களின் வரிசையாக வைப்பார்கள். தாத்தா, அப்பா, மகன் என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு எழுத்து. அதற்குப் பெயர் ‘விலாசம்’.

வேறு ஊரில் விலாசம் என்றால் முகவரி. இங்கே விலாசம் என்றால் வம்சம். அண்டாவின் கழுத்தில் நாலு எழுத்து இருந்தால், விஷயம் தெரிந்தவர் அது எந்த ஊர், எந்த வீடு என்று சொல்லிவிடுவார்.

16.
அந்த மாதிரி எத்தனை அண்டா தப்பித்தது என்று நினைக்கிறீர்கள்? 1960, 70-களில் எவர்சில்வர் வந்தது. புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், பளபளன்னு இருக்கும். தமிழ்நாடு முழுக்கப் பெண்கள் பித்தளையைப் போட்டு எவர்சில்வர் எடுத்தார்கள். யாரும் அவங்களைக் குறை சொல்ல முடியாது. முழங்கை வலிக்கப் புளி போட்டுத் தேய்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

போட்ட பித்தளை எடைக்குப் போனது. எடைக்குப் போனது உலைக்குப் போனது. பேர், விலாசம், புள்ளி எல்லாம் உருகி ஒன்றாகிவிட்டது.

17.
உலைக்கு முன்னால் நின்று “இது இருக்கட்டும்” என்று எடுத்துவைத்த ஆட்கள்தான் இந்தத் தெருவின் முதல் தலைமுறை. தராசில் வாங்கினால் அது பழைய சாமான். தனியாக எடுத்து வைத்து, இது இன்னது, இங்கிருந்து வந்தது என்று சொல்லி விற்றால் அது ஆன்டிக். இடையில் உள்ள வித்தியாசம் ஒரு மனிதனின் கண்தான்.

அந்தக் கண்ணை எப்படிப் பிள்ளைக்குக் கொடுப்பது? இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏன்னா மருத்துவக் கல்லூரியிலும் எங்களுக்கு இதேதான் பிரச்சினை.

18.
முதல் கிளினிக்கல் வகுப்பில் எங்களுக்கு நாலு விஷயம் சொல்லித் தருவார்கள். பார், தொடு, தட்டு, கேள். இந்த வரிசையில்தான் நோயாளியைப் பரிசோதிக்க வேண்டும். கடைக்காரர் ஒருவரிடம் எப்படிக் கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “அப்பா வாயால ஒண்ணும் சொல்லித் தரலை டாக்டர். கையில குடுத்துக்கிட்டே இருப்பாரு. தூக்கிப் பாரும்பாரு. தட்டிப் பாரும்பாரு. தப்பாச் சொன்னா வாங்கி வச்சிருவாரு. மறுநாள் அதையே திரும்பக் குடுப்பாரு.”

எங்கள் பேராசிரியர்களும் இதைவிட நன்றாகச் சொல்லித் தந்ததில்லை!

19.
வெண்கலத்தைத் தட்டினால் நாதம் நின்று அடங்கும், பித்தளையில் சீக்கிரம் செத்துவிடும். மேஜை இழுப்பறையின் மூலையில் மரப் பல் ஒன்றுக்கொன்று கொஞ்சம் ஏறுக்குமாறாக இருந்தால் கைவேலை. எல்லாம் அச்சாக ஒரே அளவில் இருந்தால் மெஷின். ஊஞ்சல் பலகையில் தேய்மானம் உட்காரும் இடத்தில் இருக்கணும், பலகை முழுக்க ஒரே மாதிரி தேய்ந்திருந்தால் உப்புத்தாள் வேலை. ரவிவர்மா அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது. அந்தக் கல்லச்சுப் படத்தை லென்ஸில் பார்த்தால் ஒழுங்கில்லாத நிறத் துகள்கள் தெரியும். இன்றைய ஆப்செட் அச்சில் வரிசையான புள்ளிகள். டீ டிகாஷனில் நனைத்துப் பழசாக்கின காகிதம் அதில் மாட்டிக்கொள்ளும்.

20.
தட்டிப் பார்ப்பது என்றதும் ஒருத்தரைச் சொல்லியே ஆகணும். ஆஸ்திரியாவில் லியோபோல்ட் ஆவென்ப்ருகர் என்று ஒரு மருத்துவர். அப்பா விடுதி நடத்தியவர். பீப்பாயில் எவ்வளவு ஒயின் மிச்சம் இருக்கு என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்வதை அவர் அப்பாவின் விடுதியில்தான் கற்றார் என்று மருத்துவ வரலாற்றில் சொல்வார்கள். அதே மாதிரி மனிதனின் நெஞ்சைத் தட்டினால் உள்ளே நீர் கோத்திருப்பது தெரியும் என்று 1761-ல் புத்தகம் போட்டார்.

பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 47 வருஷம் கழித்து, 1808-ல், நெப்போலியனின் மருத்துவர் கோர்விசார் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்ட பிறகுதான் உலகம் பிடித்துக்கொண்டது. மறுவருஷம் ஆவென்ப்ருகர் இறந்துபோனார். இன்றைக்கும் உங்கள் முதுகில் நாங்கள் விரலால் தட்டுவது அந்த விடுதிக்காரர் மகனின் வித்தை.

அவர் எழுதி வைத்ததால் அது பிழைத்தது. வாய்மொழியாக மட்டும் விட்டிருந்தால்?

21.
பரிசோதனைக்கு முன்னாடி நாங்கள் இன்னொன்று செய்வோம். ஹிஸ்டரி. எப்போ ஆரம்பிச்சது, எப்படி ஆரம்பிச்சது, வீட்டில் யாருக்காவது உண்டா? பாதி நோய் அதிலேயே தெரிந்துவிடும். பழம்பொருளுக்கும் இதுதான் உயிர். எந்த வீடு, எந்த ஊர், யார் கை மாறி வந்தது. இது இல்லாத பொருள், கேஸ் ஷீட் இல்லாமல் வார்டில் கிடக்கும் நோயாளி மாதிரி.

ஹிஸ்டரியைப் பொய்யாக எழுதினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது.

22.
அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். அந்தக் கோயிலின் சோழர் காலத்து நடராஜர் திருடு போனார். நியூயார்க்கில் கேலரி வைத்திருந்த ஒரு வியாபாரி மூலமாக ஆஸ்திரேலியாவின் கான்பெரா தேசிய கலைக்கூடம் 2008-ல் அவரை 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. சிலை பல வருஷத்துக்கு முன்பே இந்தியாவை விட்டு வெளியே வந்துவிட்டது என்று காட்டப் போலி ஆவணங்கள் தயாராக இருந்தன.

பொய்யை உடைக்க உதவியது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்தக் கோயிலுக்கே போய் எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள். 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார்.

23.
இதனால்தான் சட்டம் கண்டிப்பாக இருக்கிறது. 1972-ல் இயற்றி 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த தொல்பொருள் சட்டப்படி, சிலை, ஓவியம், கைவினைப் பொருள் போன்றவற்றுக்கு 100 வருஷம் ஆகியிருந்தால் அது தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள சுவடி, ஆவணம் என்றால் 75 வருஷமே போதும். இதை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

நான் பேசிய கடைக்காரர் தன் அப்பாவிடம் கற்ற முதல் பாடம் எதை வாங்குவது என்பது இல்லையாம். “சாமி சிலைன்னு யாராவது கொண்டுவந்தா கையாலகூடத் தொடாத” என்பதுதானாம்.

24.
75 வருஷம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. செட்டியார் வீடுகளில் இருந்து தூணும் அண்டாவும் மட்டும் வெளியே வரவில்லை. காகிதமும் வந்தது. ரங்கூன் கடைகளின் பேரேடு, ஐந்தொகை, கடிதங்கள், கல்யாண அழைப்பு, நாடக நோட்டீஸ். தேக்குக்கு விலை உண்டு. காகிதத்துக்கு எடை மட்டும்தான்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் எடைக்குப் போட்டதை அவர் ஆயுள் முழுக்கச் சேர்த்தார். புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்துச் சுமார் ஒரு லட்சம்.

25.
1992-ல் அவர் காலமானார். இவ்வளவையும் ஒரு குடும்பம் எப்படிக் காப்பாற்றும்? பங்கு போட்டால் சேகரிப்பு செத்துவிடும். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் மொத்தமாக வாங்கியது. வாங்கி அமெரிக்காவுக்குத் தூக்கிப் போகாமல் சென்னையிலேயே வைத்தார்கள். இன்றைக்குத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது இருக்கிறது. தமிழில் வரலாறு எழுதுகிறவர்கள் அங்கே போகாமல் இருக்க முடியாது.

சேகரிப்பு முழுசாகப் போனது. அதனால் பிழைத்தது.

26.
டாக்டர் போடுகிற த்ரெட்டில் ஆரோக்கியக் குறிப்பு இல்லாமல் எப்படி? பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு நாலு வார்த்தை.

எனாமல் பாத்திரம் அலமாரிக்கு அழகு. அடுப்புக்கு வேண்டாம். பழைய எனாமல் நிறங்களில், குறிப்பாகச் சிவப்பு, மஞ்சளில், காரீயமும் காட்மியமும் இருக்கலாம். பூச்சு பெயர்ந்திருந்தால் சாப்பாடு வைக்கவே கூடாது.

ஈயம் பூசாத பித்தளை, செம்பில் புளிக்குழம்பு, மோர், ஊறுகாய் வைக்காதீர்கள். செம்பு கரைந்து வாந்தி, வயிற்றுவலி வரும். ஈயம் பூசும்போது வெள்ளீயம்தான் பூசுகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

27.
பழைய தொட்டில், மர பொம்மை, நடைவண்டி ஆசையாக வாங்குவீர்கள். அந்தக் காலத்துப் பெயின்டில் காரீயம் சர்வசாதாரணம். பல் முளைக்கிற குழந்தை எதைக் கண்டாலும் கடிக்கும். குழந்தையின் மூளைக்கு இந்த அளவு காரீயம் பரவாயில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்வதில்லை. உரித்து, சுரண்டி, வீட்டுக்குள்ளேயே உப்புத்தாள் போடுவது இன்னும் ஆபத்து, தூசி பறக்கும். பார்வைக்கு வையுங்கள், பிள்ளை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

28.
சரி, ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். வீடு போகாத இடத்துக்குக் கடை எப்படிப் போகிறது?

கடையை நாலு பிள்ளைகளும் பங்கு போட்டால் நாலு பேர் கையிலும் ஒன்றும் இருக்காது. அதனால் ஒருவர் உட்காருகிறார். மற்றவர்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள். யார் உட்காருவது? பெரும்பாலும், சின்ன வயதில் லீவு நாளில் அப்பாவோடு கடையில் கிடந்த பிள்ளைதான். வீட்டில் பங்கு பிறப்பால் வந்தது. கடையில் இடம் கூட இருந்து பழகியதால் வருகிறது. 27 பங்குதாரர்களில் ஒருவராவது வருஷத்தில் நாலு நாள் கூரைமேல் ஏறிப் பார்த்த வீடுகள் இன்றைக்கும் நிற்கின்றன. நம்பிக்கை இல்லை என்றால் கானாடுகாத்தான் பக்கம் போய்ப் பாருங்கள்.

29.
ஆனால் கடைக்கும் ஒரு ஆபத்து இருக்கிறது. சரக்கு குறைகிறது, அது ஒரு பக்கம். வீடுகளைப் பிரிக்காமல் ஹோட்டலாக்கிக் காப்பாற்றுகிறார்கள். 2014-ல் இந்த ஊர்களை இந்தியா யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்தது. இதெல்லாம் நல்ல செய்தி. சரக்கு குறைவதற்காக நான் கவலைப்படவில்லை.

கவலை வேறு. இந்தத் தூண் எந்த வீட்டுத் தூண், இந்த விலாசம் யாருடையது என்பது கடையில் எங்கேயும் எழுதப்படவில்லை. எழுபது வயது அப்பாவின் தலையில் இருக்கிறது. ஒரு பக்கவாதம் வந்து பேச்சு போனால் அத்தனையும் போச்சு. ஒரு மருத்துவனாக இதைச் சும்மா பயமுறுத்தச் சொல்லவில்லை. பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். எல்லாம் தெரிந்திருக்கும், வார்த்தை வராது. பக்கத்தில் மகன் நிற்பார்.

30.
அதனால் மூன்று வேண்டுகோள்.

கடை வைத்திருக்கும் தம்பிகளுக்கு: கையில் செல்போன் இருக்கிறது. சாமான் வரும்போதே அது நின்ற இடத்திலேயே ஒரு படம் எடுங்கள். அப்பாவைப் பேசச் சொல்லி ரெகார்ட் பண்ணுங்கள். ஊர், வீடு, தேதி, மூன்று வரி போதும். ஹிஸ்டரி இருக்கிற பொருளுக்கு விலையும் கூடும், சட்டச் சிக்கலும் வராது.

வாங்குகிறவர்களுக்கு: விலையைக் கேட்பதற்கு முன் “எந்த ஊர் வீட்டுது?” என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்கு அவர்கள் எழுதி வைக்க ஆரம்பிப்பார்கள்.

31.
மூன்றாவது நம்ம எல்லாருக்கும். செட்டிநாடு என்று இல்லை, தமிழ்நாட்டில் எந்த வீட்டுப் பரண் மேலும் ஒரு குடமோ குத்துவிளக்கோ இருக்கும். இறக்கித் துடைத்துக் கவிழ்த்துப் பாருங்கள். பேர் வெட்டியிருக்கும். அது யார் என்று வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அது ஒரு பெண்ணின் பெயராகவோ, அவளுக்குக் கொடுத்த அப்பாவின் பெயராகவோ இருக்கும்.

எழுதி முடித்ததும் கமெண்டில் ஒரு படம் போடுங்கள். உங்கள் வீட்டுக் குடத்தில் யார் பெயர் இருக்கிறது?